பிரமிடு என்று எகிப்தியர் சொன்னதில்லை: ஆதி நாகரிகங்களின் சொற்களும் நம்பிக்கைகளும்

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததிலிருந்து சில சொற்கள் செய்திகளில் ஓயாமல் வருகின்றன. பசுபதி முத்திரை, பூசாரி அரசர், மெலுஹா, சுமேரியா, சிகுராட், நகர அரசு. இவற்றில் எது அந்தக் காலத்து மக்களே சொன்ன சொல், எது பிற்காலத்தவர் ஒட்டிய சீட்டு என்று பெரும்பாலான செய்திகள் பிரித்துச் சொல்வதில்லை. குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் சொன்ன சொல்லில் அவர்களுடைய நம்பிக்கை இருக்கும். நாம் ஒட்டிய சீட்டில் நம்முடைய ஊகம் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு மெசபடோமியா, எகிப்து, சிந்துவெளி மூன்றையும் பார்க்கலாம்.

முதலில் ‘நாகரிகம்’

குறள் 580-இல் வரும் ‘நாகரிகம்’ பண்பை, கண்ணோட்டத்தைக் குறிக்கிறது. இன்றும் “நாகரிகமாகப் பேசு” என்கிறோம். வரலாற்றுப் பாடத்தில் வரும் நாகரிகம் வேறு. அது நகரத்தைச் சார்ந்த சொல். உழவர்கள் விளைவித்த உபரி, அந்த உபரியில் வாழும் கைவினைஞர்கள், பூசாரிகள், அதிகாரிகள், பெரிய பொதுக் கட்டடங்கள், கணக்கெழுத ஏதாவது ஒரு முறை, தொலைதூர வணிகம்: இவை ஒன்றுகூடும் இடத்தை நாகரிகம் என்கிறார்கள். 1950-இல் தொல்லியலாளர் கார்டன் சைல்டு இப்படிப் பத்து அடையாளங்களைப் பட்டியலிட்டார். அதில் இன்றைக்கும் விவாதம் உண்டு. ஆக, ஒரு மக்கள் கூட்டத்துக்கு ‘நாகரிகம் இல்லை’ என்று ஆய்வாளர் எழுதினால் அவர்களிடம் நகரம் இல்லை என்றுதான் பொருள். சமூக ஊடகச் சண்டைகளில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன.

பெயர் வைத்தது யார்?

1. மெசபடோமியா: ‘ஆறுகளுக்கு நடுவே’ என்ற கிரேக்கச் சொல். டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள். அங்கே தெற்கில் வாழ்ந்த சுமேரியர்கள் தங்கள் நாட்டைக் கி-என்-கி என்றார்கள், தங்களைக் ‘கருந்தலையர்’ என்றார்கள்.

2. எகிப்து: இதுவும் கிரேக்கர் வழி வந்தது. அந்த ஊர்க்காரர்கள் சொன்னது கெமெட், அதாவது கரிய நிலம். நைல் வெள்ளம் கொண்டுவந்து போடும் வண்டல் கறுப்பு. அதைத் தாண்டினால் பாலை, அது சிவப்பு நிலம்.

3. பிரமிடு: கிரேக்கம். எகிப்தியர் மெர் என்றார்கள். தனித்தனி பிரமிடுகளுக்குப் பெயரும் இருந்தது. கீசாவின் பெரிய பிரமிடு, கி.மு. 2560 வாக்கில் சுமார் 146 மீட்டர் உயரத்துக்கு எழுப்பியது, ‘கூஃபுவின் அடிவானம்’. சூரியன் உதிக்கும் இடத்தின் பெயரை மன்னரின் கல்லறைக்கு வைத்திருக்கிறார்கள்.

4. ஹைரோகிளிஃப்: ‘புனிதச் செதுக்கல்’ என்று கிரேக்கத்தில் பொருள். எகிப்தியப் பெயர் மெது நெத்சர், ‘தெய்வத்தின் சொற்கள்’.

5. மம்மி: நிலக்கீலைக் குறிக்கும் பாரசீக, அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பதப்படுத்திய உடல் கறுத்திருந்ததைப் பார்த்து நிலக்கீல் பூசியிருக்கிறார்கள் என்று பிற்காலத்தவர் நினைத்ததால் வந்த பெயர்.

6. சிகுராட்: இது மட்டும் அந்த மண்ணின் சொல்லேதான். ‘உயர எழுப்பியது’ என்று பொருள்படும் அக்காடியச் சொல். சுமேரியத்தோடு மெசபடோமியாவில் வழங்கிய இன்னொரு மொழி அக்காடியம். சிகுராட்டைப் பிரமிடோடு சேர்த்துப் பேசுவது பொதுவான பிழை. பிரமிடு கல்லறை. சிகுராட்டுக்குள் யாரையும் புதைக்கவில்லை. அது மண்செங்கல்லை அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய மேடை, உச்சியில் தெய்வத்தின் இடம்.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. சுமேரியாவில் இருந்த ஊர் (Ur) என்ற நகரத்தின் பெயரும் நம் ‘ஊர்’ என்ற சொல்லும் ஒன்றுதான், ஆகவே சுமேரியர் தமிழரே என்று அடிக்கடி ஒரு பதிவு சுற்றும். அந்த நகரத்துக்குச் சுமேரியர் வைத்த பெயர் உரிம். நகரம் என்பதற்கான சுமேரியப் பொதுச்சொல் இரி அல்லது உரு என்பதும் உண்மைதான். ஆனால் ஒலி ஒத்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உறவு கொண்டாட முடியாது. பல சொற்களில் ஒரே ஒழுங்கில் ஒலிமாற்றம் காட்டினால்தான் மொழியியல் அதை உறவு என்று ஏற்கும். சுமேரிய மொழிக்கு இதுவரை அப்படி எந்த உறவும் நிறுவப்படவில்லை.

தெய்வத்தின் வீடு

சுமேரியச் சொற்களில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ‘எ’ என்பதைச் சொல்லலாம். வீடு என்று பொருள். கோயிலுக்கு என்று தனிச் சொல் கிடையாது, அதுவும் ‘எ’தான். நிப்பூர் நகரில் என்லில் தெய்வத்தின் கோயில் எ-குர், மலை வீடு. உருக் நகரில் இனன்னா என்ற பெண் தெய்வத்தின் கோயில் எ-அன்னா, வான வீடு. அரண்மனை எ-கல், பெரிய வீடு. அரசருக்கு லூ-கல், பெரிய ஆள். பள்ளிக்கூடம் எ-துப்பா, களிமண் பலகைகளின் வீடு.

எகிப்திலும் இதே கதை. பாரோ (தமிழ் பைபிளில் பார்வோன்) என்ற சொல்லின் மூலம் பெர்-ஆ, ‘பெரிய வீடு’. முதலில் அரண்மனையைக் குறித்த சொல், கி.மு. 15-14ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் உள்ளே இருப்பவரையே குறிக்கத் தொடங்கியது. கூஃபு வாழ்ந்த காலத்தில் அவரை யாரும் ‘பாரோ’ என்று அழைத்திருக்க மாட்டார்கள். எகிப்து என்ற பெயருக்கும் மூலம் மெம்பிஸ் நகரத்துக் கோயில் ஒன்றின் பெயர்தான்: ஹூத்-கா-ப்தா, ‘ப்தா தெய்வத்தின் கா (உயிராற்றல்) குடியிருக்கும் மாளிகை’.

தமிழ் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்ள மெனக்கெட வேண்டியதில்லை. கோ + இல் என்றால் அரசன் வீடு, பழைய தமிழில் கோயில் அரண்மனையையும் குறித்தது. அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்று சொல்ல ஆதாரமில்லை. தெய்வத்தை ஒரு பெரிய வீட்டுத் தலைவராக நினைத்த மக்கள் வேறு வேறு இடங்களில் தாமாகவே இந்தச் சொல்லுக்கு வந்திருக்கிறார்கள்.

வீடு என்றால் சும்மா பேச்சுக்கு வீடு இல்லை. சுமேரியக் கோயிலுக்கு நிலம் உண்டு, ஆட்டு மந்தை உண்டு, நெசவுப் பெண்கள் உண்டு, களஞ்சியம் உண்டு. அங்கே வேலை செய்பவர்களுக்குக் கூலி வாற்கோதுமையாக அளந்தார்கள். கி.மு. 3200 வாக்கில் உருக்கில் எழுத்து பிறந்ததும் இந்தக் கணக்குக்காகத்தான். மிகப் பழைய பலகைகளில் தோத்திரம் இல்லை. தானியம், பீர், ஆடு, ஆள் எண்ணிக்கைதான் இருக்கிறது. ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்தினால் ஆப்பு மாதிரி தடம் விழும், அதனால் பிற்காலத்தில் ஆப்பெழுத்து என்று பெயர் வந்தது.

வாய் கழுவுதல்

வீடு இருந்தால் சாப்பாடும் வேண்டுமே. உருக்கில் கிடைத்த பிற்காலப் பலகை ஒன்று தெய்வங்களுக்குத் தினமும் நான்கு வேளை உணவு சொல்கிறது, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ரொட்டி, பீர், ஆட்டிறைச்சி, பேரீச்சை என்று அளவோடு இருக்கிறது. உணவு படைக்கும்போது திரை போட்டார்கள். மிச்சம் அரசருக்குப் போனது. நைவேத்தியமும் பிரசாதமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகவே இருக்காது. ‘உருவ வழிபாடு’ என்ற ஒற்றைச் சொல்லில் இதைக் கடந்துபோகிறவர்களுக்குத்தான் விளங்காது.

கல்லும் மரமும் எப்போது தெய்வமாகிறது என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்தது. விடை, மீஸ் பீ என்ற சடங்கு. ‘வாய் கழுவுதல்’ என்று பொருள். பட்டறையில் செய்து முடித்த சிலையை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவார்கள், அங்கே தோட்டத்தில் நாணல் குடிசையில் இரவு வைப்பார்கள், மறுநாள் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். நடுவே பல தடவை வாய் கழுவுவார்கள். இது நடக்காத சிலை தூபத்தை முகராது, உணவு உண்ணாது, நீர் குடிக்காது என்று சடங்கு நூலே சொல்கிறது.

இதில் ஒரு கட்டம் உண்டு. சிலை செய்த கைவினைஞர்களின் கைகளைத் துணியால் கட்டி, மரக் கத்தியால் வெட்டுவதுபோல் பாவனை செய்வார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் “நான் செய்யவில்லை, இதைச் செய்தது தச்சர்களின் தெய்வம்” என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவிகளை ஆட்டுத் தொடைக்குள் வைத்து ஆற்றில் விட்டுவிடுவார்கள். மனிதன் செய்தான் என்பதற்கான சாட்சியே மிச்சமில்லாமல் போக வேண்டும். கையால் செய்த பொம்மையைத் தெய்வம் என்று நம்பிய அப்பாவிகள் என்று அவர்களைக் கேலி செய்வது எவ்வளவு மேலோட்டமானது என்று இதிலிருந்து தெரியும். கையால் செய்தது என்பது எல்லாரையும்விட அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

எகிப்தில் இதற்கு இணை ‘வாய் திறத்தல்’. பூசாரி தச்சருடைய வாய்ச்சி போன்ற கருவியால் சிலையின் வாயைத் தொடுவார். பதப்படுத்திய உடலுக்கும் இதே சடங்கு. நம் சிற்பிகள் கடைசியில் கண் திறப்பதைப் போல என்று சொன்னால் போதும்.

மனிதன் எதற்கு?

கி.மு. 17ஆம் நூற்றாண்டுப் பிரதியாகக் கிடைத்திருக்கும் மெசபடோமியாவின் அத்ரகாசிஸ் கதை இப்படிப் போகிறது. தொடக்கத்தில் கால்வாய் வெட்டும் வேலையைச் சின்ன தெய்வங்கள் செய்தன. தாங்க முடியாமல் கருவிகளுக்குத் தீ வைத்துவிட்டு என்லிலின் வாசலை முற்றுகையிட்டன. உலகின் முதல் வேலைநிறுத்தக் கதை என்று தாராளமாகச் சொல்லலாம். தீர்வாக ஒரு தெய்வத்தைக் கொன்று அதன் இரத்தத்தைக் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்தார்கள். அந்த வேலை மனிதன் தலையில் விழுந்தது. மனிதர்கள் பெருகி இரைச்சல் கூடியதும் என்லிலுக்குத் தூக்கம் கெட்டது. வெள்ளத்தை அனுப்பினார். எல்லாரும் அழிந்த பிறகுதான் தெய்வங்களுக்கு உறைத்தது, படைக்க ஆளில்லை. தப்பிய ஒருவன் படையல் இட்டதும் ஈக்கள்போல மொய்த்தன.

தெற்கு மெசபடோமியாவில் மழை போதாது, கால்வாய் தூர்ந்தால் ஊர் பட்டினி. அந்த வாழ்க்கையின் வாடை கதை முழுக்க அடிக்கிறது.

‘மெ’ என்ற இன்னொரு சொல்லும் இங்கே முக்கியம். மொழிபெயர்ப்புக்கு அடங்காத சொல். உலகம் ஓடுவதற்கான தெய்வ விதிகள் என்று தோராயமாகச் சொல்லலாம். என்கி என்ற தெய்வத்துக்குக் குடிக்கக் கொடுத்து இனன்னா அவரிடமிருந்து மெக்களை வாங்கிப் படகில் உருக்குக்கு ஏற்றிக்கொண்டு போகும் கதையில் நூற்றுக்கும் மேல் மெக்களின் பட்டியல் வருகிறது. அரசாட்சி, தச்சு வேலை, எழுதும் தொழில் எல்லாம் அதில் இருக்கின்றன. பொய்யும் நகரக் கொள்ளையும்கூட இருக்கின்றன. நல்லது மட்டும் தெய்வத்திடமிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை.

மஆத்தும் நெஞ்சும்

எகிப்தின் சாவிச் சொல் மஆத். உண்மை, நீதி, ஒழுங்கு, சமநிலை எல்லாம் சேர்ந்தது. நம் ‘அறம்’ அதற்குக் கிட்டே வரும், முழுதாகப் பொருந்தாது. ஏனென்றால் நைல் நேரத்துக்குப் பெருகுவதும் சூரியன் உதிப்பதும்கூட மஆத்தில் அடங்கும். மஆத் ஒரு தெய்வமும்தான், தலையில் தீக்கோழி இறகு சூடிய பெண். மன்னரின் முதல் வேலை மஆத்தைக் காப்பது. எதிர்ச்சொல் இசஃபெத், குலைவு.

இறந்தவரின் நெஞ்சை ஒரு தட்டிலும் மஆத்தின் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுக்கும் காட்சி எல்லாரும் பார்த்திருப்பார்கள். அனுபிஸ் தெய்வம் தராசைக் கவனிப்பார், தோத் தெய்வம் குறிப்பெடுப்பார், முதலைத் தலை, சிங்க முன்னுடல், நீர்யானைப் பின்னுடல் கொண்ட அம்மித் காத்திருக்கும். தட்டு சாய்ந்தால் நெஞ்சு அதற்கு இரை. இந்தக் காட்சி வரும் தொகுப்பை ‘இறந்தவர் நூல்’ என்று 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ஆய்வாளர் லெப்சியஸ் அழைத்தார். எகிப்தியர் வைத்த பெயர் ‘பகலில் வெளிவருவதற்கான மந்திரங்கள்’. ஒன்று சாவைப் பேசுகிறது, மற்றது சாவிலிருந்து எழுந்து வருவதைப் பேசுகிறது.

அந்த விசாரணையில் இறந்தவர் சொல்ல வேண்டிய ‘செய்யவில்லை’ பட்டியல் ஒன்று உண்டு. கொல்லவில்லை, திருடவில்லை என்பதோடு, தராசு எடையில் கை வைக்கவில்லை, ஓடும் நீருக்கு அணை போடவில்லை என்றும் வருகிறது. பக்கத்து வயலுக்குப் போகும் தண்ணீரை மறிப்பவர் மேல் எந்த விவசாய நாட்டிலும் உள்ள கோபம்தான்.

நெஞ்சு (எகிப்தியத்தில் இப்) அவர்களுக்கு நினைவும் அறிவும் இருக்கும் இடம். பதப்படுத்தும்போது மூளையை எடுத்து வீசிவிட்டு நெஞ்சை உடலிலேயே விட்டுவைத்தார்கள். அப்புறம் அந்த நெஞ்சின் மேலேயே ஒரு பயம்: “எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே” என்று கேட்டுக்கொள்ளும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்து மார்பில் வைத்தார்கள். ‘நெஞ்சறிய’ என்று நாம் சொல்வதன் முழுப் பொருளும் அந்தக் கல்லில் இருக்கிறது.

‘ஆன்மா’ என்று ஒரே சொல்லில் மொழிபெயர்ப்பதால் கெட்டுப்போகும் சில சொற்கள்:

1. கா: உயிராற்றல். பிறக்கும்போதே கூட வருவது, இறந்த பிறகும் உணவு தேவைப்படுவது. கல்லறையில் கல்லில் செதுக்கிய போலிக் கதவு இந்தக் ‘கா’வுக்காக.

2. பா: மனிதத் தலை கொண்ட பறவை. பகலில் வெளியே போய் இரவில் உடலுக்குத் திரும்பும். உடல் அழுகக் கூடாது என்பதற்கு இதுவே முக்கியக் காரணம், திரும்பி வர ஓர் இடம் வேண்டும்.

3. ஆக்: எல்லாச் சடங்கும் சரியாக முடிந்தபின் கிடைக்கும் ஒளிபொருந்திய நிலை.

4. ரென்: பெயர். பெயர் அழிந்தால் ஆளும் அழிந்தார். ஆத்தென் என்ற சூரியவட்டத்தை மட்டுமே வணங்கச் சொன்ன அகெனாத்தென் (கி.மு. 14ஆம் நூற்றாண்டு), ஆமூன் தெய்வத்தின் பெயரைக் கல்வெட்டுகளில் கொத்தி எடுக்க ஆட்களை அனுப்பினார். அவர் போன பிறகு அவர் பெயரையும் அப்படியே கொத்தி எடுத்தார்கள்.

அங்கே புழுதி, இங்கே வயல்

எகிப்தியருக்கு மறுமை, நன்றாக விளையும் நாணல் வயல். மெசபடோமியருக்கு அது ‘திரும்ப வழியில்லாத நாடு’. இருட்டு, புழுதிதான் உணவு, நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரே இடம். அங்கே ஒருவர் நிலைமை ஓரளவு தேறுவது இங்கே இருக்கும் பிள்ளைகளைப் பொறுத்தது. ஒரு சுமேரியக் கதையில் மன்னர் கில்காமேஷ் கேட்கிறார், கீழுலகம் பார்த்து வந்த அவருடைய தோழர் என்கிடு சொல்கிறார்: ஒரு மகன் உள்ளவன் அழுதுகொண்டிருக்கிறான், ஏழு மகன்கள் உள்ளவன் சிறு தெய்வங்களோடு உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகள் இறந்தவருக்கு உணவும் நீரும் விடும் சடங்குக்குக் கிஸ்பு என்று பெயர்.

ஏன் இந்த வேறுபாடு? நைல் கோடையில் பெருகி விதைப்புக்கு முன் வடியும், டைகிரிசும் யூப்ரடீசும் அறுவடை நேரத்தில் வந்து கெடுக்கும், அதனால் அங்கே நம்பிக்கை, இங்கே அச்சம் என்று பாடநூல்கள் சொல்லும். வெள்ளக் கணக்கு சரி. ஆனால் நைலும் பொய்த்துப் பஞ்சம் வந்திருக்கிறது, மெசபடோமியரும் சிரித்து, பீர் குடித்து, காதல் பாட்டு எழுதி வாழ்ந்திருக்கிறார்கள். ஆற்றை வைத்து மதத்தை முழுக்க விளக்கிவிடலாம் என்பது கொஞ்சம் சௌகரியமான விளக்கம்.

அதேபோல பாபிலோன் மன்னர் ஹமுராபியின் கல்தூணை ‘உலகின் முதல் சட்டநூல்’ என்பதும். ஊர் நகரத்து மன்னர் ஊர்-நம்முவின் சட்டங்கள் அதற்கு முன்னூறு ஆண்டுக்கு மேல் பழையவை. தூணின் உச்சியில் சூரியத் தெய்வம் ஷமாஷ் முன் மன்னர் நிற்கிறார். நீதி காத்தேன் என்று தெய்வத்துக்குக் காட்டும் பதிவாகவே அதைப் பல ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அக்கால நீதிமன்றப் பலகைகள் அதை மேற்கோள் காட்டித் தீர்ப்பு சொல்வது கிட்டத்தட்ட இல்லை.

சிந்துவெளியில் எல்லாம் நம் சொல்

இப்போது செய்திக்கு வரலாம். மேலே பார்த்த எ, மெ, மஆத், கா எதுவும் நமக்குத் தெரிந்தது எழுத்தைப் படிக்க முடிந்ததால்தான். எகிப்திய எழுத்தை 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் திறந்தார், ரொசெட்டா கல்லில் அதே செய்தி கிரேக்கத்திலும் இருந்தது கைகொடுத்தது. சிந்துவெளிக்கு அப்படி ஓர் இருமொழிக் கல் கிடைக்கவில்லை. எழுத்துத் தொடர்களும் சராசரியாக ஐந்து குறிகள்தான். ஐராவதம் மகாதேவனின் 1977 தொகுப்பு 417 குறிகளைப் பட்டியலிட்டது. மீன் குறியை ‘மீன்’ என்று படித்தால் விண்மீனும் ஆகும் என்பது, ஹெராஸ் பாதிரியார் தொடங்கி அஸ்கோ பர்போலா வளர்த்த, மதிக்கத்தக்க கருதுகோள். நிரூபணம் இல்லை.

அதனால் சிந்துவெளி நம்பிக்கை பற்றிப் படிக்கும் பெயர்கள் அத்தனையும் நாம் வைத்தவை:

1. மொகஞ்சதாரோ: ‘செத்தவர்கள் மேடு’. இடிபாட்டுக்குப் பிற்காலத்தவர் வைத்த பெயர், நகரத்தின் பெயர் இல்லை.

2. பூசாரி அரசர்: 17.5 செ.மீ. உயரமுள்ள ஒரு மாக்கல் சிலை. அவர் பூசாரி என்பதற்கோ அரசர் என்பதற்கோ சான்று கிடையாது. உறுதியாக அரண்மனை என்றோ கோயில் என்றோ சொல்லக்கூடிய ஒரு கட்டடமும் அங்கே அடையாளம் காணப்படவில்லை.

3. பெருங்குளம்: சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், நீர் கசியாமல் நிலக்கீல் பூச்சு. சடங்குக் குளியலுக்கு என்பது நியாயமான ஊகம்.

4. பசுபதி முத்திரை: கொம்புத் தலையணியோடு கால் மடக்கி உட்கார்ந்த உருவம், சுற்றி யானை, புலி, காண்டாமிருகம், எருமை. சிவனின் முன்னோடி என்று தொல்லியலாளர் ஜான் மார்ஷல் 1931-இல் எழுதினார். எருமைத் தெய்வம் என்பவர்களும் இருக்கிறார்கள். உருவத்துக்கு மேலேயே எழுத்து இருக்கிறது, அதைப் படித்தவர் யாருமில்லை.

இவர்களை வெளியே இருந்து அழைத்த ஒரு பெயர் மட்டும் பழையது. மெசபடோமியப் பலகைகளில் வரும் மெலுஹா, சிந்துவெளிப் பகுதி என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் நிற்கின்றன என்று அக்காடிய மன்னர் சார்கோன், கி.மு. 24-23ஆம் நூற்றாண்டில், பெருமையடித்துக்கொண்டார்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அக்காடியக் காலத்து உருளை முத்திரை ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரர் பெயர் ஷூ-இலிஷு. தொழில்: மெலுஹாவின் எமெ-பல். எமெ என்றால் நாக்கு, மொழி. பல் என்றால் திருப்புவது. மொழிபெயர்ப்பாளர். இரண்டு மொழியும் தெரிந்த ஓர் ஆள் இருந்திருக்கிறார், அதையே வேலையாகச் செய்து சாப்பிட்டிருக்கிறார். அவருடைய முத்திரையில் இருப்பது முழுக்க ஆப்பெழுத்துதான். மெலுஹாக்காரர்களின் எழுத்தில் ஒரு குறிகூட அவர் வெட்டிக்கொள்ளவில்லை.